என்னிடமே கேளுங்கள்

(பி.எட். மாணவிகளிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

மேடைப் படியேறி வரும்போது கீழே யாரோ பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது. "இவங்களுக்குக் கண் முழுசாவே தெரியாதா, இல்ல கொஞ்சம் தெரியுமா?" நல்ல கேள்வி. பேச்சை அதிலிருந்தே தொடங்கிவிடலாம். கேட்டவர் சங்கடப்பட வேண்டாம். ஒரே ஒரு வேண்டுகோள், அடுத்த தடவை என்னிடமே கேளுங்கள்.

கொஞ்சம் தெரியும். இந்த அரங்கில் ஜன்னல் என் இடது பக்கம் இருக்கிறது. மேலே விளக்கு எரிகிறது. அவ்வளவுதான். உங்கள் முகங்கள் தெரியவில்லை. பார்வையற்றவர் என்றதும் கும்மிருட்டைத்தான் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் எங்களில் பெரும்பாலோருக்கு ஏதாவது மிச்சம் இருக்கும். சிலருக்கு வெளிச்சம், சிலருக்கு நிழலாட்டம், சிலருக்கு நடுவில் ஒன்றும் தெரியாமல் ஓரம் மட்டும். எனக்கு நேர்மாறு. ஓரமெல்லாம் போய், நடு மட்டும் பல வருஷம் இருந்தது.

என் நோயின் பெயர் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. கண்ணின் பின்பக்கம் இருக்கும் விழித்திரையில், மங்கிய வெளிச்சத்தில் பார்ப்பதற்கென்றே சில செல்கள் உண்டு. பெரும்பாலும் அவைதான் முதலில் சாகின்றன. ஆறாம் வகுப்பு படிக்கும்போது கரண்ட் போனால் தங்கை வாசலுக்கு ஓடிவிடுவாள், நான் சுவரைத் தடவிக்கொண்டு நிற்பேன். மாலைக்கண் என்று சொல்லி அப்பத்தா வாரம் தவறாமல் ஆட்டு ஈரல் சுட்டுக் கொடுத்தார். வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணுக்கு அது நல்ல வைத்தியம்தான். எனக்கு வந்தது அது இல்லை என்று தெரிவதற்குள் 19 வயதாகிவிட்டது.

சரி, எல்லாரும் ஒரு கையை முழுசாக முன்னால் நீட்டி விரல்களை மடக்குங்கள். அந்தக் கைமுட்டியின் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. பார்வைப் புலம், அதாவது கண்ணை அசைக்காமல் பார்க்கும்போது தெரிகிற பரப்பு, அதற்கும் கீழே சுருங்கிவிட்டால், நடுவில் எழுத்து தெளிவாகத் தெரிந்தாலும் அது பார்வையின்மைதான் என்கிறது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அந்தக் கைமுட்டி அளவு உலகத்தை வைத்துக்கொண்டுதான் பல வருஷம் தமிழ்ப் பாடம் நடத்தினேன். புத்தகத்தில் வரி தெரியும். வழியில் கிடக்கும் நாற்காலி தெரியாது.

இதைப் பிறருக்குப் புரியவைப்பது பெரும் பாடு. ஒருநாள் பேருந்தில் சலுகை பாஸைக் காட்டினேன். என் மடியில் போன், திரையில் ஒரு செய்தி. நடத்துநர் இரண்டையும் பார்த்துவிட்டுச் சத்தமாகக் கேட்டார். "மெசேஜ் எல்லாம் படிக்கிறீங்க, இந்தப் பாஸ் எப்படி வாங்குனீங்க?" பேருந்தே திரும்பியது. வாயில் வார்த்தை வரவில்லை. அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன். அவர் மீது இன்று எனக்குக் கோபம் இல்லை. ஒரு நிமிஷம் இருந்து, "கையை நீட்டுங்க அண்ணா" என்று இந்தக் கைமுட்டிக் கணக்கைச் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு என்னிடம் பதிலும் இல்லை, கையில் கோலும் இல்லை.

கோலை ஏன் எடுக்கவில்லை? வெட்கம். மருத்துவர் சொல்லி ஆறு வருஷம் கழித்துத்தான் வெண்கோலைத் தொட்டேன். அதற்குள் முழங்காலில் எத்தனை காயம்! தமிழ் ஆசிரியர் என்பதால் தேவாரம் பாடிய சுந்தரர் கதை எனக்கு எப்போதும் நெருக்கம். திருவொற்றியூரில் மனைவி சங்கிலியாருக்கு, பிரியமாட்டேன் என்று கொடுத்த சத்தியத்தை மீறியதால் அவருக்குப் பார்வை போகிறது. அதன் பிறகு அவருக்கு முதலில் கிடைப்பது எது? கண் இல்லை. திருவெண்பாக்கத்தில் ஓர் ஊன்றுகோல். இடக்கண் பிறகு காஞ்சியில், வலக்கண் இன்னும் பிறகு திருவாரூரில். கோல் கையில் வந்தபோது சுந்தரருக்குக் கோபம் வந்தது என்று கதை சொல்கிறது. அந்தக் கோபம் எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆனாலும் அந்தக் கோலோடுதான் அவர் காஞ்சிபுரம் வரை போனார்.

அந்தக் கதையில் ஒன்றை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பார்வை போவது தண்டனை என்ற எண்ணம். ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியம்மா ஒருவர் அன்பாகத்தான் கேட்டார். "போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணுனியோ தாயி?" அவருக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். எங்கள் அம்மாவைக் கட்டியது அவருடைய தாய்மாமன். ஒரே குடும்பம் என்பதால் இரண்டு பேரிடமும் குறையுள்ள அதே மரபணு ஒவ்வொன்று இருந்திருக்கிறது. அவர்கள் இருவருக்கும் கண் நன்றாகத் தெரிந்தது. இரண்டும் என்னிடம் வந்து சேர்ந்ததில் எனக்குத் தெரியாமல் போனது. ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. தங்கைக்கு வரவில்லை. இந்த நோயில் வேறு வகைகளும் உண்டு, சொந்தத்தில் கட்டாத வீட்டிலும் வரும். ஆனால் எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். பெரியம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எம் பேரனுக்கும் அத்தை மகளைத்தான் பேசியிருக்கோம், யார்கிட்டம்மா விசாரிக்கணும்?" என்றார். கல்யாணத்துக்கு முன்பே மரபணு ஆலோசனை கிடைக்கும், பெரிய ஆஸ்பத்திரியில் கேளுங்கள் என்றேன். பாவத்தில் தொடங்கிய கேள்வி எங்கே வந்து நின்றது பாருங்கள்!

அப்புறம், அடிக்கடி கேட்பது கண்தானம். யாராவது கண் கொடுத்தால் பார்வை வந்துவிடாதா? எனக்கு வராது. தானமாகப் பெறும் கண்ணிலிருந்து மாற்றி வைப்பது முன்னால் இருக்கும் கருவிழியைத்தான். கெட்டுப்போனது என் விழித்திரை. ஆனால் கருவிழி பழுதாகிப் பார்வை இழந்தவர்களுக்கு உங்கள் கண் அவசியம் வேண்டும். வீட்டில் இழவு நடந்தால் 6 மணி நேரத்துக்குள் கண் வங்கியைக் கூப்பிடுங்கள். அவர்கள் வரும்வரை இமைகளை மூடி ஈரப்பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

இப்போது முன்வரிசையிலிருந்து ஒருவர் மேடைக்கு வாருங்கள். (ஒரு மாணவி வந்தார்.) என்னை அந்த நாற்காலிக்குக் கூட்டிப் போங்கள், அம்மா. பாருங்கள், என் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிறார். எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள், ஆசையாகத்தான் செய்கிறார்கள். இழுத்தால் என் காலுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நீங்கள் கையை விடுங்கள். நான் உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொள்கிறேன். அரை எட்டு முன்னால் நடங்கள். படி வந்தால் உங்கள் உடம்பு ஏறுவதும் இறங்குவதும் அந்தக் கை வழியாகவே எனக்குத் தெரிந்துவிடும். நாற்காலி வந்ததும் தோளை அமுக்கி உட்கார வைக்க வேண்டாம். என் கையை நாற்காலியின் முதுகில் வைத்துவிட்டால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்வேன். நன்றி அம்மா.

'பார்த்துக்கொள்வேன்' என்றேன், கவனித்தீர்களா? "அந்த சீரியல் பாத்தீங்களா" என்று என்னிடம் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்பவர்கள் உண்டு. தேவையே இல்லை. தமிழில் நாடி பார்க்கிறோம், ருசி பார்க்கிறோம், வேலை பார்க்கிறோம், கேட்டுப் பார்க்கிறோம். அந்தச் சொல் எனக்கும் சொந்தம்.

போன தீபாவளிக்கு முன்னால் மகளோடு ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன். சேலை எடுத்துப் போடுகிற தம்பி முதலிலிருந்து மகளிடமே பேசிக்கொண்டிருந்தார். "அம்மாவுக்கு எந்தக் கலர் காட்டட்டும்?" ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறவள், "அவங்ககிட்டயே கேளுங்க அண்ணா" என்றாள். மயில்கழுத்துக் கலரில், அரக்கு பார்டர் வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு என் பக்கம் குனிந்து, "உங்களுக்குக் கலர் எதுக்கும்மா?" என்றார். மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவர், இப்போது என்னிடம் கேட்டுவிட்டார். 35 வயது வரை கலர் பார்த்தவள் நான், மயில்கழுத்து இன்னும் மனசில் அப்படியே இருக்கிறது என்றேன். அதற்கப்புறம் அவர் என் விரலைச் சேலை மேல் வைத்து, "இதுவரைக்கும் மயில்கழுத்து, இங்க அரக்கு ஆரம்பிக்குது, இந்தச் சொரசொரப்பு ஜரிகை" என்று முந்தானை வரை நகர்த்திக் காட்டினார். அந்தச் சேலைதான் இன்றைக்குக் கட்டியிருக்கிறேன்.

நீங்கள் ஆசிரியர் ஆகப்போகிறவர்கள். உங்கள் வகுப்பில் பார்வை குறைந்த பிள்ளை ஒன்று நிச்சயம் வந்து உட்காரும். கரும்பலகையைக் காட்டி, "இதையும் இதையும் கூட்டினா இது" என்று சொல்லாதீர்கள். எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். நன்றாகத் தெரிகிற பிள்ளைகளுக்கும் அது உதவும். வீட்டுப்பாடத்தைப் போட்டோவாக வாட்ஸ்அப்பில் போடாமல் தட்டச்சு செய்து அனுப்புங்கள். போனில் இருக்கிற டாக்பேக் என்ற திரைவாசிப்பு வசதி அதை அப்படியே படித்துக் காட்டும். எந்த இடத்தில் உட்கார்ந்தால் வசதி என்பதை அந்தப் பிள்ளையைத் தனியாக அழைத்து, அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். அம்மாவிடம் அப்புறம் கேட்கலாம்.

சரி, நான் பேசியது போதும். மைக்கைக் கீழே கொடுங்கள். என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். கேட்பதற்கு முன் உங்கள் பெயரை மட்டும் சொல்லுங்கள், எந்தப் பக்கம் திரும்பிப் பதில் சொல்வது என்று எனக்குத் தெரியட்டும்.