நடப்பாரான்னு மட்டும் கேக்காதீங்க: வேலூர் ரிஹேப் பத்தி ஒரு பேச்சு

எல்லாருக்கும் வணக்கம். வேலூர் சிஎம்சியோட ரிஹேப் இன்ஸ்டிடியூட் பத்திப் பேசச் சொன்னாங்க. பாகாயத்துல இருக்கு, 1966ல ஆரம்பிச்சது. முதுகுத்தண்டுல அடிபட்டு ரெண்டு காலும் செயலிழந்தவங்க, கழுத்துல அடிபட்டு கையும் சேர்ந்து செயலிழந்தவங்க, தலைக்காயம், பக்கவாதம்னு வர்றவங்கள வாரக்கணக்குல, சிலர மாசக்கணக்குல வச்சுப் பழக்கி வீட்டுக்கு அனுப்புற இடம்.

இதை உருவாக்கினவங்க டாக்டர் மேரி வர்கீஸ். கேரளாக்காரங்க, சிஎம்சிலயே படிச்சு டாக்டர் ஆனவங்க. 1954ல ஒரு கார் விபத்து, முகத்துல பலத்த காயம், முதுகுத்தண்டும் போச்சு, இடுப்புக்குக் கீழ அசைவே இல்ல, அப்போ அவங்களுக்கு 30 வயசு கூட ஆகல. அந்த நேரத்துல வேலூர்ல டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால மடங்கிப்போன விரல்களுக்கு ஆபரேஷன் பண்ணிட்டிருந்தார், நல்லா இருக்குற தசைநார எடுத்து மாத்தித் தைச்சு விரல நிமித்துறது. கை ஆபரேஷன உக்காந்துட்டே பண்ணலாம். அந்த வழிய அவர்தான் காட்டினார், இவங்க வீல்சேர்ல உக்காந்தபடியே மத்தவங்க கைய சரி பண்ண ஆரம்பிச்சாங்க.

அதோட நிக்கல. ஆஸ்திரேலியாவுல பெர்த் போயி தானே ஒரு பேஷண்டா பயிற்சி எடுத்தாங்க, அப்புறம் நியூயார்க்ல டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் கிட்ட இந்த ரிஹேப் துறையையே படிச்சாங்க, திரும்பி வந்து சிஎம்சில அந்த டிபார்ட்மெண்டுக்குத் தலைவரானாங்க. 1972ல பத்மஸ்ரீ. ஆனா எனக்குப் பெருசாத் தெரியுறது விருது இல்ல. வார்டுல ஒருத்தர் "இனிமே எனக்கு என்ன இருக்கு"ன்னு அழுதா, அன்னிக்கு ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டரே வீல்சேர்லதான் பக்கத்துல வந்து நிப்பாங்க, அதுக்கு மேல என்ன பதில் வேணும் சொல்லுங்க.

இப்ப வேலைக்கு வர்றேன். தென்னை மரத்துல இருந்து விழுந்தவர், கட்டட சாரத்துல இருந்து விழுந்தவர், பைக் ஆக்சிடெண்ட், எப்படி வந்தாலும் சொந்தக்காரங்க கேக்குற முதல் கேள்வி ஒண்ணுதான், "நடப்பாரா?". தண்டுவடம், அதாவது முதுகெலும்புக்குள்ள ஓடுற நரம்பு, முழுசா போயிட்டா இன்னிக்கு வரைக்கும் அதை ஒட்டவைக்க மருந்து கிடையாது. ஆனா அந்தக் காலத்துல ஆளக் கொன்னது பெரும்பாலும் முதுகு இல்லைங்க, படுக்கைப் புண்ணும் கிட்னியும். ரெண்டையும் தடுக்கலாம்.

உணர்ச்சி இல்லாத தோல் ஒரே இடத்துல அழுந்திட்டே இருந்தா ரத்தம் போகாம செத்துப்போகும், வலிக்காததால அவருக்கே தெரியாது. அதனால படுத்திருந்தா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பிப் படுக்கணும், வீல்சேர்ல இருந்தா அப்பப்போ கைய ஊன்றி பின்பக்கத்தத் தூக்கணும், தினமும் கண்ணாடி வச்சு தோலப் பாக்கணும், சிவந்திருந்தா அந்த இடத்துல வெயிட்டே போடக்கூடாது. மூத்திரம் உள்ளயே தேங்கினா ப்ரஷர் கிட்னிக்கு ஏறும், அதனால நாலஞ்சு மணி நேரத்துக்கு ஒருக்கா ட்யூப் விட்டு எடுத்துட்டு ட்யூப வெளிய எடுத்துடணும், சுத்தமா கை கழுவிட்டு தானே செஞ்சுக்கலாம். இதச் சொல்ல கூச்சப்படுறோம் பாருங்க, அந்தக் கூச்சத்துலயே எத்தனையோ பேர் போயிட்டாங்க.

கட்டில்ல இருந்து வீல்சேருக்கு மாறுறத ஒருநாள் நின்னு பாருங்க. பிரேக் போடணும், கால் வைக்குற தட்ட ஒதுக்கணும், கட்டில் ஓரத்துக்கு நகர்ந்து வந்து, ஒரு கை கட்டில்ல ஒரு கை சீட்டுல ஊன்றி, தலைய ஒரு பக்கம் சாய்ச்சா இடுப்பு எதிர்ப் பக்கம் போகும், அப்படியே தூக்கி வைக்கணும். இழுத்துட்டுப் போனா தோல் உரிஞ்சிடும், சக்கரத்துல இடிச்சாலும் புண்ணுதான். கை பலமில்லாதவங்களுக்கு கட்டிலுக்கும் வீல்சேருக்கும் நடுவுல போட ஒரு பலகை. நமக்கு அஞ்சு செகண்ட் வேலை, அவர் நாள்கணக்கா பழகி, யாரும் தொடாம தானே மாறி உக்காரும்போது அந்த மூஞ்சியப் பாக்கணும்!

கூடவே இருக்குற மனைவி, அம்மா, தம்பி எல்லாருக்கும் இதே பயிற்சி உண்டு. வாசல் அகலம் எவ்வளவு, கக்கூஸ் எங்க, வீட்டு முன்னாடி எத்தன படின்னு எல்லாம் கேப்பாங்க, ஏன்னா வீல்சேர் உள்ள நுழையாத வீட்டுக்குப் போனா கத்துக்கிட்டது அத்தனையும் வீண். பிழைப்புக்கு என்ன தொழில்னும் யோசிப்பாங்க. போனவங்கள மறக்குறதும் இல்ல, ரிஹேப் மேளான்னு பழைய பேஷண்டுகளக் கூப்பிட்டு செக்கப், விளையாட்டு எல்லாம் நடத்துவாங்க, புதுசா அடிபட்டவருக்கு அங்க வர்ற பழைய ஆளுங்களப் பாக்குறதே பாதி வைத்தியம்.

இங்க நம்ம ஊர்ல நெலம வேற. ஆபரேஷன் முடிஞ்சதும் "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க"ன்னு அனுப்பிடுறாங்க, இதுல ஒண்ணு கூட சொல்லித்தர்றதில்ல, மூணு மாசத்துல எலும்பு தெரியுற புண்ணோட வர்றாங்க. எனக்கு அதப் பாத்தா கோவம்தான் வருது, அது வரவேண்டிய புண்ணே இல்ல.

உங்க வீட்டுலயோ தெருவுலயோ அப்படி யாராவது படுத்திருந்தா கூட்டம் முடிஞ்சு என்கிட்ட வாங்க. திருப்பிப் படுக்க வைக்குறது எப்படின்னு இந்த பெஞ்சுலயே செஞ்சு காட்டுறேன், பாத்துக்குறவங்களயும் கூட்டிட்டு வாங்க.