தொப்பூர் இறக்கமும் ஸ்போர்ட்ஸ் செடானும்

வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்ங்க. கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஓசூர் பக்கம் பிஎம்டபிள்யூ த்ரீ சீரிஸ், மெர்சிடிஸ் சி கிளாஸ், ஆடி ஏ ஃபோர் மாதிரி ஸ்போர்ட்ஸ் செடான் வண்டிங்க இப்ப நிறைய கண்ணுல படுது, கிரானைட் தொழில்ல இருக்கறவங்க, மாம்பழக்கூழ் ஃபேக்டரி வச்சிருக்கறவங்க, ஓசூர்ல இருந்து தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்ட்டு வர்ற பசங்கன்னு பல பேர்கிட்ட இருக்கு. இவங்கல்லாம் ஞாயித்துக்கிழமை காலைல ஹைவே ஓரமா டீ குடிக்க நிறுத்துனா வண்டிப் பேச்சு தான், நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தன். அங்க என்ன பேசறோம்னு உங்ககிட்டயும் சொல்லணும்னு ரொம்ப நாள் ஆசை, ஏன்னா செகண்ட் ஹேண்ட்ல இந்த வண்டிங்க ஒரு புது எஸ்யூவி விலைக்கே கிடைக்குது, வாங்கலாமான்னு யோசிக்கறவங்க உங்கள்ல கண்டிப்பா இருப்பீங்க.

முதல்ல எல்லாரும் கேக்கறது பிக்கப் தாங்க. பிஎம்டபிள்யூ த்ரீ சீரிஸ்ல 330 ஐங்கற மாடல எடுத்துக்கிட்டா ரெண்டு லிட்டர் டர்போ பெட்ரோல், 258 குதிரை சக்தி, 400 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இஞ்சினோட திருப்பு விசை, 0ல இருந்து 100 கிலோமீட்டர் வேகம் போறதுக்கு 5.8 செகண்ட்னு கம்பெனி சொல்லுது. இதுல ஓட்டறவனுக்கு நிஜமா உதவறது அந்த 5.8 கிடையாது, அந்த 400 நியூட்டன் மீட்டரும் 1550 ஆர்பிஎம்லயே, அதாவது இஞ்சின் நிமிஷத்துக்கு 1550 தடவ சுத்தறப்பயே முழுசா வந்துருது பாருங்க, அது தான். சூளகிரி தாண்டி ரெண்டு லாரி பக்கத்துப் பக்கத்துல போய்ட்டு இருக்கும், ஒருத்தர் வழி விட்டதும் கால லேசா வச்சாலே போதும், எட்டு கியர் ஆட்டோமேட்டிக் தானா ரெண்டு கியர் இறங்கி சட்டுனு தாண்டிரும், இஞ்சின் கத்தாது, உள்ள உக்காந்திருக்கற அம்மாவுக்கு தாண்டுனதே தெரியாது. த்ரீ சீரிஸ்லயே 2021ல வந்த எம் 340 ஐங்கற மாடல் இன்னும் ஒரு படி மேல, மூணு லிட்டர், வரிசையா ஆறு சிலிண்டர், 387 குதிரை, 4.4 செகண்ட், அதுவும் நம்ம சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துல இருக்கற ஃபேக்டரிலயே அசெம்பிள் பண்ணி வந்தது. அந்த இஞ்சின் சத்தத்த ஒரு தடவ கேட்டவங்க நாலு சிலிண்டருக்குத் திரும்பறது கஷ்டம்னு எங்க கூட்டத்துல இருக்கற பெரியவர் ஒருத்தர் சொல்லுவாரு, எனக்கும் அதுல மறுபேச்சு இல்ல.

ஆனா எவ்வளவு சீக்கிரம் 100 போவுதுன்னு பேசற அளவுக்கு அந்த 100ல இருந்து எப்படி நிக்குதுன்னு யாரும் பேசறதில்லங்க, எனக்கு அது தான் மனசுக்கு ஒப்பல, ஏன்னா நம்ம ஊர்ப் பக்கம் தொப்பூர் கணவாய் இருக்கு. தர்மபுரில இருந்து சேலம் பக்கம் போறப்ப அது முழுக்க இறக்கம், அங்க எத்தன குடும்பம் ஆளுங்கள இழந்திருக்குன்னு இந்த மாவட்டத்துல யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. லாரிக்காரங்க சில பேர் டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல உருட்டிட்டு வர்றதும் அதுக்கு ஒரு காரணம், பாதி இறக்கத்துல பிரேக் சூடாகி பிடிக்காமப் போயிரும். கார்க்காரங்களும் அதே தப்புக் கணக்கு போடறாங்க. உண்மை என்னன்னா கியர்ல இருக்கும்போது ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா இஞ்சினுக்குப் போற பெட்ரோல வண்டியே நிறுத்திடும், சக்கரம் தான் இஞ்சின சுத்துது, நியூட்ரல்ல போட்டா தான் இஞ்சின் அணையாம இருக்கறதுக்கு பெட்ரோல் குடிக்கும், அப்ப மிச்சம் எங்க இருக்கு சொல்லுங்க?

இந்த செடான்கள்ல ஈக்கோ மோடு போட்டா சமமான ரோட்டுல காலை எடுத்ததும் கியர்பாக்ஸ் இஞ்சினப் பிரிச்சு வண்டிய சும்மா உருள விடற வசதி இருக்கு, மைலேஜுக்கு நல்லது, ஆனா தொப்பூர் வர்றதுக்கு முன்னாடியே அத ஸ்போர்ட் மோடுக்கு மாத்திருங்க, இல்லன்னா ஸ்டீயரிங் பின்னாடி இருக்கற பேடில இழுத்து நாலாவது மூணாவதுன்னு நீங்களே இறக்கிக்கோங்க, இஞ்சினே வண்டியப் பிடிச்சு வைக்கும், பிரேக் ஜில்லுனு இருக்கும், எப்ப தேவையோ அப்ப கிடைக்கும். பேடில் ஷிஃப்டர ரேஸுக்கு வச்சிருக்காங்கன்னு நினைக்கறவங்க ஒரு தடவ இந்த மாதிரி இறங்கிப் பாத்தா அதோட அருமை புரியும்.

இன்னொரு கணக்கு சொல்றேன். 80ல இருந்து 100க்குப் போனா வேகம் கால் பங்கு தான் கூடுது, ஆனா பிரேக் போட்டு நிக்கற தூரம் பாதிக்கு மேல கூடிருது, ஏன்னா அது வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 100ல போறப்ப ஒரு செகண்டுக்கு 27 மீட்டருக்கு மேல போறோம், காவேரிப்பட்டணம் பக்கம் ராங் சைடுல டூவீலர் வர்றத பாத்து கால் பிரேக்குக்குப் போறதுக்குள்ளயே அந்த தூரம் முடிஞ்சிருது. வண்டி எவ்வளவு காஸ்ட்லியா இருந்தாலும் அந்த ஒரு செகண்ட அது உங்களுக்குத் திருப்பித் தராதுங்க.

பிரேக் ஆயில ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தச் சொல்லி கம்பெனியே சொல்லுது, ஆனா "வண்டி ஓடவே இல்லையே, ஷெட்லயே தான நிக்குது"ன்னு விட்டுடறாங்க. அந்த ஆயில் காத்துல இருக்கற ஈரத்த தானா உறிஞ்சிக்கும், ஓடுனாலும் ஓடலைன்னாலும். ஈரம் சேந்துட்டா சீக்கிரம் கொதிக்கும், இறக்கத்துல பிரேக் சூடாகும்போது உள்ள ஆவி உண்டாகி பெடல் பஞ்சு மாதிரி உள்ள போயிரும். சர்வீஸ் பில்லுல அது சின்னத் தொகை தான், தயவு செஞ்சு அத மட்டும் தள்ளிப் போடாதீங்க.

இப்ப ஓட்டற சுகத்துக்கு வர்றேன். த்ரீ சீரிஸ் 1975ல இருந்து வருது, ஆரம்பத்துல இருந்தே இஞ்சின் முன்னாடி, பவர் பின் சக்கரத்துக்கு (இங்க வந்த எம் 340 ஐல மட்டும் நாலு சக்கரத்துக்கும்), எடைய முன்ன பின்ன ஏறக்குறைய பாதிப் பாதியா பிரிக்கறாங்க, அதுக்காகவே பேட்டரியக் கொண்டு போய் டிக்கில வச்சிருக்காங்க. முன் சக்கரத்துக்கு திருப்பற வேலை மட்டும் தான், இழுக்கற வேலை இல்ல, அதனால ஸ்டீயரிங் சுத்தமா பேசும். தேன்கனிக்கோட்டைல இருந்து அஞ்செட்டி வழியா ஒகேனக்கல் போற மலை ரோட்ல மெதுவா போனாலே அது கைல தெரியும், அங்க யானை நடமாட்டம் இருக்கு, வேகமா போற எடமும் இல்ல, போகவும் கூடாது. சி கிளாஸும் பின் சக்கரம் தான், ஆனா அது சொகுசு பக்கம் கொஞ்சம் சாயும். இங்க வித்த ஏ ஃபோர் பெரும்பாலும் முன் சக்கர டிரைவ், மழைல ஓட்டறதுக்கு பயமில்லாம இருக்குன்னு அது வச்சிருக்கற நண்பர் சொல்றாரு, நியாயம் தான். பின் சக்கர வண்டி வாங்கறவங்க முதல் மழைல, சக்கரம் வழுக்கிச் சுத்தாம பாத்துக்கற டிராக்ஷன் கண்ட்ரோல ஆஃப் பண்ணிப் பாக்கற ஆசைய விட்டுருங்க.

ஃபீச்சர் விஷயத்துல எங்களுக்குள்ள பெரிய சண்டையே நடக்கும். புது சி கிளாஸ்ல 11.9 இன்ச் ஸ்கிரீன் நட்டு வச்ச மாதிரி இருக்கு, பாக்க அழகு, எல்லாம் அதுலயே தொட்டுத் தான் மாத்தணும். எனக்கு த்ரீ சீரிஸ்ல கியர் பக்கத்துல இருக்கற அந்த சுத்தற நாப் தான் பிடிக்கும், கண்ணு ரோட்லயே இருக்கும், கை தானா வேலை பாக்கும். முன் கண்ணாடிலயே வேகம் தெரியற ஹெட் அப் டிஸ்ப்ளே இருந்தா இன்னும் நல்லது. பின் சீட்டுல அப்பா அம்மா அடிக்கடி வருவாங்கன்னா த்ரீ சீரிஸ்ல கிரான் லிமோசின் பாருங்க, வீல் பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல இருக்கற தூரம், சாதாரண த்ரீ சீரிஸ விட 110 மில்லிமீட்டர் அதிகம், கால் நீட்ட நல்ல எடம். சன்ரூஃப், லைட்டிங் இதெல்லாம் அவங்கவங்க ஆசை.

டயர் பத்தி அவசியம் சொல்லணும். பல மாடல்ல ஸ்டெப்னி கிடையாது, ரன் ஃப்ளாட் டயர், காத்து போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள்ள சுமார் 80 கிலோமீட்டர் தூரம் ஓட்டலாம். ராத்திரில குடும்பத்தோட வர்றப்ப ரோட்டோரம் ஜாக்கி போட்டு நிக்க வேண்டாம், அது பெரிய நிம்மதி. ஆனா பக்கவாட்டு கட்டியா இருக்கறதால ஊருக்குள்ள பள்ளம் மேடு எல்லாம் முதுகுல தெரியும், கிராமத்து ஸ்பீடு பிரேக்கர்ல அடி தட்டாம குறுக்கா ஏத்தி இறக்கணும்.

செகண்ட் ஹேண்ட் பாக்கப் போறவங்க கிலோமீட்டர் ரீடிங்க மட்டும் நம்பிடாதீங்க. டயர் பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும், 2321னு இருந்தா 2021ம் வருஷம் 23வது வாரம் தயாரிச்சதுன்னு அர்த்தம், நாலு டயரும் ஒரே கம்பெனியா, ஒரே காலத்ததான்னு பாருங்க. சில மாடல்ல பின் டயர் முன்னாடிய விட அகலம், முன்ன பின்ன மாத்திப் போட முடியாது, அதனால பின் டயர் சீக்கிரம் தேயும், அந்த செலவ விலை பேசறப்பயே கழிச்சுக்கோங்க. சர்வீஸ் ஹிஸ்டரில பிரேக் ஆயில் தேதி இருக்கான்னு தேடுங்க. டெஸ்ட் டிரைவ்ல காலி ரோடு பாத்து பின்னாடி யாரும் வரலன்னு உறுதி பண்ணிட்டு 60ல இருந்து நல்லா பிரேக் அமுக்கிப் பாருங்க, ஸ்டீயரிங் நடுங்குச்சுன்னாலோ ஒரு பக்கம் இழுத்துச்சுன்னாலோ அத சரி பண்ண என்ன செலவுன்னு தெரிஞ்சுக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க. நன்றி, வணக்கம்ங்க.