மூன்று குழாய்களில் பியூட்டனால்

நேயர்களுக்கு வணக்கம். மூன்று சோதனைக் குழாய்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றிலும் பியூட்டனால் என்ற ஆல்கஹால்தான். எதை எண்ணினாலும் 4 கார்பன், 10 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். கார்பன்கள் கோத்திருக்கும் விதமும், ஹைட்ராக்சில் தொகுதி (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த OH) உட்கார்ந்திருக்கும் இடமும்தான் வேறு. அது அமர்ந்த கார்பனோடு இன்னொரு கார்பன் இணைந்திருந்தால் ஓரிணைய ஆல்கஹால். இரண்டு என்றால் ஈரிணையம், மூன்று என்றால் மூவிணையம்.

மூன்றிலும் லூகாஸ் கரணியை விடுங்கள். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நீரற்ற துத்தநாக குளோரைடைக் கரைத்தது அது. மூவிணையம் உடனே பால்போல் கலங்கிவிடும். ஈரிணையத்துக்கு 5, 10 நிமிடம் பிடிக்கும். ஓரிணையம் அறை வெப்பநிலையில் தெளிவாகவே நிற்கும். ஏன்? ஹைட்ராக்சில் தொகுதி நீராகக் கழன்று போனால் அந்தக் கார்பன் நேர்மின் சுமையோடு நிற்க வேண்டும். பக்கத்துக் கார்பன் தொகுதிகள் எலக்ட்ரானைத் தந்து சுமையைத் தாங்கும். தாங்க மூன்று பேர் இருந்தால் காரியம் எளிது. அந்த இடத்தில் குளோரின் வந்து ஒட்டிக்கொள்ள, கிடைக்கும் பொருள் கரையாமல் கலங்கலாகத் தெரிகிறது.

ஆல்கஹால் தயாரிப்பிலும் இதே கதைதான். அமிலத்தின் உதவியோடு புரோப்பீனில் நீரைச் சேர்த்தால் கிடைப்பது 2-புரோப்பனால். ஹைட்ராக்சில் ஓரத்துக்குப் போகாமல், சுமையைத் தாங்க இரண்டு பேர் இருக்கும் நடுக் கார்பனைத்தான் தேடும்.

சரி, ஆக்சிஜனேற்றத்துக்கு வருவோம். ஹைட்ராக்சில் உள்ள கார்பனிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்குவதில் தொடங்கும் வினை இது. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான், ஏனென்றால் இங்கே நிலைமை தலைகீழ். அமிலம் சேர்த்த டைகுரோமேட்டை ஊற்றிச் சூடாக்கினால் ஓரிணையம் ஆல்டிஹைடாகி, அப்புறம் கார்பாக்சிலிக் அமிலமாகும். ஈரிணையம் கீட்டோனோடு நின்றுவிடும். இரண்டிலும் ஆரஞ்சு நிறம் பச்சையாகும். லூகாஸ் சோதனையில் முந்தி ஓடிய மூவிணையமோ அசையாது. ஹைட்ராக்சில் உள்ள கார்பனில் பிடுங்குவதற்கு ஹைட்ரஜனே இல்லையே!

உடலுக்குள்ளும் இந்த வினை நடக்கிறது. கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் தாமிரம் கலந்த வினையூக்கியின்மேல் செலுத்தித் தயாரிக்கும் மெத்தனாலை யாராவது தவறிக் குடித்துவிட்டால், கல்லீரல் நொதி அதை ஃபார்மால்டிஹைடாக மாற்றும். அது ஃபார்மிக் அமிலமாகி, பார்வை நரம்பைக் கெடுக்கும். இதற்கு மருத்துவமனையில் அந்த நொதியைத் தடுக்கும் ஃபோமெபிசோல் என்ற மருந்தைத் தருவார்கள். அது கிடைக்காவிட்டால் எத்தனாலை அளந்து தருவார்கள். மருத்துவர் மட்டுமே செய்ய வேண்டிய சிகிச்சை இது, வீட்டில் யாரும் முயலவே கூடாது. அந்த நொதி மெத்தனாலைவிட எத்தனாலைத்தான் விரும்பிப் பற்றும். எத்தனாலோடு நொதி மல்லுக்கட்டும் நேரத்தில், மெத்தனால் நஞ்சாக மாறாமலே மூச்சிலும் சிறுநீரிலும் மெல்ல வெளியேறிவிடும்.