வடிகால் கோப்பு, கறுப்பு மை, ஒரு பத்து ரூபாய் வில்லை

வணக்கம் மக்களே! இந்தக் கவரைப் பாருங்கள், வந்துவிட்டது! நம் தெரு மழைநீர் வடிகால் பற்றி நான் போட்ட ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுவுக்கான நகல்கள். சந்தோஷம் பாதி, கோபம் பாதி. சந்தோஷத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், கோபத்தில் ஆரம்பித்தால் இந்த வீடியோ நீண்டுகொண்டே போகும்.

டேப் வைத்து வடிகாலை அளந்த வீடியோ ஞாபகம் இருக்கிறது அல்லவா? ரேஷன் கடை முன்னால் மூடியே போடாமல் விட்டிருந்தார்களே, அந்த இடம்தான். எஸ்டிமேட், ஒர்க் ஆர்டர் (ஒப்பந்ததாரருக்கு வேலையைக் கொடுத்த உத்தரவு), எம்-புக், பில் நகல் எல்லாம் வேண்டும் என்று எழுதியிருந்தேன். கூடவே ஒரு வரி சேர்த்தேன்: கோப்பை நேரில் பார்வையிட அனுமதி வேண்டும். மக்களே, இந்தச் சட்டத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். பிரிவு 2(ஜே) படி கோப்பையும் பார்க்கலாம், நடந்த வேலையையும் பார்க்கலாம், குறிப்பு எடுக்கலாம். போட்ட பொருளின் மாதிரியைக்கூடக் கேட்டு வாங்கலாம். அதாவது கான்கிரீட் எப்படி இருக்கிறது என்று பார்க்க வழி இருக்கிறது. யாருமே இதைப் பயன்படுத்துவதில்லை! எல்லோரும் 'நகல் வேண்டும், நகல் வேண்டும்' என்றே எழுதுகிறார்கள். பக்கத்துக்கு 2 ரூபாய். 200 பக்கக் கோப்பு என்றால் 400 ரூபாய், அதில் உங்களுக்கு வேண்டியது நாலைந்து பக்கமாக இருக்கும். முதல் ஒரு மணி நேரம் பார்வையிடக் கட்டணமே இல்லை. போய் உட்கார்ந்து புரட்டிப் பார்த்துவிட்டு, வேண்டிய பக்கத்தை மட்டும் கேளுங்கள்.

அப்படித்தான் நான் எம்-புக்கைப் பார்த்தேன். எம்-புக் என்றால் அளவுப் புத்தகம். எத்தனை மீட்டர் நீளம், அகலம், ஆழம் என்று இன்ஜினியர் அளந்து எழுதுவார், அதை வைத்துத்தான் பில் போடுவார்கள். வடிகாலின் முழு நீளத்துக்கும் மூடி போட்டதாக அதில் எழுதியிருக்கிறது. முழு நீளத்துக்கும்! ரேஷன் கடை முன்னால் வாங்க வருகிற பாட்டிகள் திறந்த வடிகாலைத் தாண்டித்தான் போகிறார்கள். நம் வீடியோவில் அந்த இடம் தெளிவாக இருக்கிறது, எம்-புக்கின் அந்தப் பக்கமும் இப்போது கையில் இருக்கிறது.

ஒன்றைச் சொல்லாமல் தாண்டி வந்துவிட்டேன், வில்லை! பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். மாநில அரசு அலுவலகங்களுக்கான மனுவில் அதை ஒட்டினால் போதும், மத்திய அரசு அலுவலகம் என்றால் போஸ்டல் ஆர்டர். ஆனால் அந்த வில்லை கிடைக்க வேண்டுமே! ஒரு விற்பனையாளர் இல்லை என்றார். அடுத்தவர் ஸ்டாக் வரவில்லை என்றார். இன்னொருவர் எடுத்துக் காட்டி, இருபது ரூபாய் என்றார். பத்து என்று அச்சடித்த வில்லை இருபது ரூபாயா? கூடுதலாகப் போவது பத்து ரூபாய்தான், ஆனாலும் நான் கொடுக்கவில்லை. தகவல் கேட்பதற்கு அரசு வைத்த கட்டணமே பத்து ரூபாய்தான், அதற்கு மேல் ஒரு பைசா தர மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கடைசியில் தாலுகா ஆபீஸ் பக்கம் ஒரு அம்மா ஐந்து ரூபாய் வில்லை இரண்டு கொடுத்தார், சரியாகப் பத்து ரூபாய்க்கு. ஒட்டும்போது அவ்வளவு நிம்மதி! வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இந்தக் கட்டணமே கிடையாது, சான்று இணைத்தால் போதும். அப்புறம், ரெஜிஸ்டர் போஸ்ட் இப்போது ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது, அதனால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், அந்தக் கணக்குக்கு ரசீது வேண்டும்.

சரி, கோபத்துக்கு வருகிறேன்.

பார்வையிடப் போன அன்று ஒர்க் ஆர்டர் கோப்பில் இல்லை, பின்னால் தபாலில் அனுப்புகிறோம் என்றார்கள். இதோ அனுப்பியிருக்கிறார்கள். இந்த இடத்தைப் பாருங்கள், கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். ஒப்பந்ததாரர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு மை! காரணம், 'தனிப்பட்ட தகவல், பிரிவு 8(1)(ஜே)' என்று ஒரே வரி.

இந்தப் பிரிவு முன்பு இப்படி இல்லை. பொதுப் பணிக்குச் சம்பந்தமே இல்லாத சொந்தத் தகவல், ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையில்லாமல் தலையிடுகிற தகவல், இவற்றைத்தான் மறுக்கலாம் என்று இருந்தது. நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் மறுக்க முடியாத தகவலைச் சாதாரண மனிதருக்கும் மறுக்கக் கூடாது என்றும் இருந்தது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதையெல்லாம் எடுத்துவிட்டு, தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்கலாம் என்று சுருக்கிவிட்டது. அந்த மாற்றம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. யாருடைய மருத்துவச் சீட்டையும் நான் கேட்கவில்லை. நம் பணத்தில் வடிகால் கட்டியவர் யார் என்று கேட்டேன்.

பெயர் எவ்வளவு முக்கியம் என்று தெரிய வேண்டுமானால் ராஜஸ்தான் கதையைக் கேளுங்கள். அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் எல்லோரும் இருந்த மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு, 1994-இல் கிராமத்து மக்களைக் கூட்டி அரசு வேலைகளின் கணக்கைச் சத்தமாகப் படித்தது. கூலி வாங்கியவர்கள் பட்டியலில் வேலைக்கே வராதவர்கள் பெயர்கள் இருந்தன, இறந்தவர்கள் பெயர்கள்கூட இருந்தன. பெயரைப் படித்ததால்தான் திருட்டு வெளியே வந்தது. 1996-இல் பியாவர் நகரத்தில் 40 நாள் தர்ணா உட்கார்ந்தார்கள், 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்று. அந்த மக்கள் போராடித்தான் 2005-இல் நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது. நம் தமிழ்நாட்டில் 1997-லேயே ஒரு சட்டம் போட்டார்கள், ஆனால் அதில் விலக்குகள் மிக அதிகம்.

கவுன்டரில் ஒருவர் 'இது உங்களுக்கு எதுக்கு?' என்று கேட்டார். இந்தக் கேள்வி எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. பிரிவு 6(2), காரணம் சொல்லத் தேவையில்லை. மரியாதையாகச் சொன்னேன், விட்டுவிட்டார். அதேபோல மனுவில் நீங்களும் 'ஏன் மூடி போடவில்லை' என்று எழுதாதீர்கள். அவர்களிடம் இருக்கிற ஆவணத்தைத்தான் தர வேண்டும், புதிதாக விளக்கம் எழுதித் தரக் கடமை இல்லை என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எந்த ஆவணம், எந்த வருடம், எந்த வேலை, அவ்வளவு போதும்.

இப்போது முதல் மேல்முறையீடு எழுதிக்கொண்டிருக்கிறேன். பதில் கிடைத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும், இதற்கு வில்லை வேண்டாம், கட்டணம் இல்லை. இரண்டு வாதம் வைத்திருக்கிறேன். ஒன்று, பிரிவு 8(2) இன்னும் உயிரோடு இருக்கிறது: பொதுநலன் பெரிது என்றால் விலக்கு உள்ள தகவலையும் தரலாம். இரண்டாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தமிழ்நாட்டின் 1998-ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி, டெண்டர் யாருக்குக் கிடைத்தது என்பதைப் பெயர், முகவரியோடு டெண்டர் அறிவிப்பு இதழுக்கு அனுப்ப வேண்டும். இது டெண்டர் விட்டுச் செய்த வேலை. இதழில் போட வேண்டிய பெயர் எப்படி ரகசியம் ஆகும்?

மேலதிகாரியும் மறுத்தால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். வரைவை அடுத்த வீடியோவில் வரி வரியாகப் படிக்கிறேன். வழக்கறிஞர்கள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால், அந்த டெண்டர் வாதத்தை இன்னும் எப்படிப் பலமாக எழுதலாம் என்று கமெண்டில் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் நல்லது, திங்கட்கிழமை போஸ்ட் ஆபீஸ் போகிறேன்.