டீட்டோ கோபிய வெறும் நல்ல நடிகர்னு சொன்னா போதுமா?

ஹாய் மக்களே, ஆபரால, அதாவது பாட்டாலயே கதை சொல்ற மேடை நாடகத்துல, பாரிட்டோன்னாலே (நடுத்தர ஆண் குரல்ல பாடுறவரு) வில்லன்தானான்னு கமெண்ட்ல கேட்டிருந்தீங்க, எப்பவும் இல்ல, ஆனா நிறைய கதைல டெனர் (அதவிட உயரமான ஆண் குரல்) லவ் பண்ணுவாரு, பாரிட்டோன் வந்து அத கெடுப்பாரு, அந்த வேலைல என்னைப் பொறுத்தவரை டீட்டோ கோபிய அடிச்சுக்க ஆளே இல்ல. இத்தாலிக்காரர், 1913ல பிறந்தவர்.

1964ல லண்டன் கோவன்ட் கார்டன் ஆபரா ஹவுஸ்ல புச்சீனியோட ஆபரா டோஸ்கா, செஃபிரெல்லி டைரக்‌ஷன், ஹீரோயின் டோஸ்காவா பாடகி மரியா காலஸ், போலீஸ் தலைவன் ஸ்கார்ப்பியாவா கோபி. ரெண்டாவது ஆக்ட டிவிக்காக எடுத்தாங்க, பிளாக் அண்ட் ஒயிட், இன்னிக்கும் பாக்கலாம். பக்கத்து ரூம்ல டோஸ்காவோட காதலன சித்ரவதை பண்றாங்க, இவரு மரியாதை குறையாம பேசிட்டிருக்காரு, அப்புறம் அவ வெறுத்துப்போய் அவன விடுறதுக்கு 'எவ்வளவு?'ன்னு விலை கேக்குறா, அதே வார்த்தைய இவரு சிரிச்சிட்டே திருப்பி சொல்லுவாரு பாருங்க, அப்பா சாமி! (அந்த ப்ரொடக்‌ஷன் ஒத்திகைல மெழுகுவர்த்தி பட்டு காலஸோட விக்ல தீப்பிடிச்சு, கோபிதான் கையாலயே அணைச்சாராம், அந்தம்மா பாட்ட நிறுத்தலையாம்.)

விமர்சகர்கள் இவர எப்பவும் 'பாடுற நடிகர்'னுதான் புகழ்வாங்க. குரல்னு எடுத்துக்கிட்டா வழவழன்னு இருக்காது, மேல போனா கொஞ்சம் வறண்டு இறுகும், அதையும் எழுதிருக்காங்க, சரிதான். ஆனா எனக்கு இதுல பாதிதான் ஒப்புதல், ஏன்னா அதுக்கு முன்னாடியே 1953ல மிலன் லா ஸ்காலா ஆபரா ஹவுஸ்ல டே சாபாட்டா கண்டக்ட் பண்ண, கோபி ஸ்கார்ப்பியாவா பாடுன டோஸ்கா ரெக்கார்டு இருக்கு, அதுல முகமும் இல்ல காஸ்ட்யூமும் இல்ல, வெறும் ஆடியோ, அப்பவும் ஸ்கார்ப்பியா சர்ச்சுக்குள்ள நுழையுற இடத்துல நமக்கு பயமாத்தான் இருக்கு! முதல் ஆக்ட்ல தன்னோட பகுதிய டே சாபாட்டா முப்பது தடவ பாட வச்சாரு, ஒவ்வொரு அசைக்கும் குரலோட நிறத்த மாத்தச் சொன்னாருன்னு கோபியே பின்னாடி சொல்லிருக்காரு. அப்போ நடிப்பு எங்க இருக்கு? கண்ணுல மட்டுமா? தொண்டைலதாங்க முக்கால்வாசி.

சும்மா காதுக்கு இதமா ஒரு பாரிட்டோன் வேணும்னா பாஸ்டியானினி கேளுங்க, தேன் மாதிரி இருக்கும், நானும் கேப்பேன். ஆனா ஸ்கார்ப்பியாவுக்கு மட்டும் கோபிதான், முதல்ல 53 ஆடியோ, அப்புறம் 64 வீடியோ, இந்த ஆர்டர்லயே பாருங்க.