துண்டு எடுத்த நேரமும் மருந்து கிடைத்த நேரமும்

(மானிப்பாயில், சனசமூக நிலையம் ஒன்றின் ஆண்டுவிழாவில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

முப்பது வருடம் தாதியாக வேலை செய்தேன். விடுதிக்குள் நின்று ஆஸ்பத்திரியைப் பார்த்த எனக்கு, கிளினிக் வாங்கில் இருந்து பார்க்கக் கிடைத்தது ஓய்வுபெற்ற பிறகுதான். அம்மாவுக்குச் சீனி வருத்தம், பிறஷரும் உண்டு. கிளினிக் நாளில் காலை 5.30க்கே போய் வரிசை இலக்கத் துண்டு எடுப்போம். வைத்தியர் 9 மணிக்கு வருவார். எங்கள் முறை 11.30க்கு வரும். பார்ப்பது ஐந்து நிமிடம். அப்புறம் மருந்துக்கு இன்னொரு வரிசை. வீடு வந்து சேர 2 மணி ஆகிவிடும்.

ஒருநாள் அம்மா அந்த வாங்கிலேயே வியர்த்துச் சரிந்துவிட்டா. காலையில் சீனிக் குளிசை போட்டது, சாப்பிடவில்லை. எழும்பிப் போனால் பெயர் கூப்பிட்டுவிடுவார்களோ என்ற பயம். பக்கத்தில் இருந்த நானும் ஒரு தாதிதான். குளிசை போட்டால் சாப்பிட வேண்டும் என்று எத்தனையோ பேருக்குச் சொன்னவள். எனக்கும் அதே பயம்தான் இருந்தது. சீனியைக் கட்டுப்படுத்தப் போன இடத்தில், காத்திருந்ததே வருத்தமாகிப் போனது. அன்றிலிருந்து இந்த விஷயம் என்னை விடவில்லை.

'சனம் கூட, வைத்தியர் காணாது' என்று எல்லோரும் சொல்வோம். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனை வைத்தியர்களும் தாதியரும் நாட்டை விட்டுப் போனார்கள் என்பது தெரிந்ததுதானே. ஆனாலும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு வைத்தியர்கள், ஒருவருக்கு நாலு நிமிடம் என்றால் மணிக்கு 30 பேர். 120 பேரும் காலை 6 மணிக்கே வந்து, வைத்தியர்கள் 9 மணிக்குத் தொடங்கினால், கடைசி ஆள் உள்ளே போகும்போது பகல் 1 மணி ஆகிவிடும். ஏழு மணித்தியாலம்! அதே 120 பேரில் 30 பேரை 9 மணிக்கு, அடுத்த 30 பேரை 10 மணிக்கு என்று வரச் சொன்னால் வைத்தியரைப் பார்க்க ஒருவரும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருக்க வேண்டியதில்லை. புது வைத்தியரும் வேண்டாம், புதுக் கட்டடமும் வேண்டாம். ஜோன் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961இல் இதைச் சூத்திரமாகவே நிறுவினார்: ஓரிடத்தில் நிற்கும் ஆட்களின் தொகை, மணிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதையும் ஒருவர் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதையும் பெருக்கி வருவது. நிற்கும் நேரத்தைக் குறைத்தால் நெரிசல் தானாகக் குறையும்.

சொல்வது சுகம். எங்கள் கிளினிக் கொப்பியில் அடுத்த திகதி இருக்கும், நேரம் இருக்காது. சரி, நேரம் எழுதினாலும் போதாது. 11 மணி நேரம் கிடைத்த ஆள் வந்து பார்க்கும்போது, 6 மணிக்கு வந்தவர் முன்னுக்குப் போய்க்கொண்டிருந்தால், அடுத்த முறை அந்த 11 மணி ஆளும் 5 மணிக்கே வந்து நிற்பார். யார் நின்றாலும் நேரப்படிதான் என்று மாதக்கணக்காக வாசலில் உறுதியாகச் சொல்ல ஒருவர் வேண்டும். நெடுந்தீவில் இருந்து வருபவரின் நிலை வேறு. அவர் வள்ளத்தில் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வருபவர். அவருக்குக் கொடுக்கும் நேரம் வள்ளத்தின் நேரத்தோடு பொருந்த வேண்டும், திரும்பும் வள்ளத்தையும் அவர் விடக்கூடாது. இதைக் கொழும்பில் இருந்து ஒரு சுற்றுநிருபம் அனுப்பிச் செய்ய முடியாது. துண்டு கொடுக்கும் ஊழியருக்குத்தான் அந்த முகங்கள் தெரியும்.

அந்த ஊழியரைப் பற்றிக் கொஞ்சம் கூடப் பேச விரும்புகிறேன். வைத்தியர்கள் இடமாற்றத்தில் வருவார்கள், போவார்கள். சிற்றூழியரும் எழுதுவினைஞரும் பெரும்பாலும் இங்கேயே இருப்பார்கள். 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் இதே மானிப்பாயில் மருத்துவம் படிப்பித்தபோது இந்தச் சிக்கலைக் கண்டார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் உத்தியோகம் தேடி வெளியே போனார்கள். அவர் மருத்துவ நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே படிப்பித்தார், ஊரோடு நிற்கும் வைத்தியர்கள் வேண்டும் என்பதற்காக. அவர் பயிற்றுவித்தவர்கள் 60க்கும் மேல். ஊரோடு நிற்பவர்களை நம்பித்தான் அவர் மருத்துவத்தைக் கட்டியெழுப்பினார்.

கொழும்பு காசில் வீதி மகளிர் வைத்தியசாலையிலும் அப்படித்தான். 2000ஆம் ஆண்டளவில் அங்கே பணிப்பாளராக இருந்த வைத்தியர் விமல் கரந்தகொட, ஜப்பானிய தொழிற்சாலைகளின் ஒழுங்கு முறையைக் கொண்டுவந்தார். வேண்டாததை அகற்று, வேண்டியதற்கு இடம் குறி, துடை, அதை வழக்கமாக்கு. அதைச் செய்தவர்கள் விடுதிகளில் வேலை செய்தவர்களே. ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்காவின் வழியாக அந்த அனுபவம் தன்சானியா வரை போனது. தன்சானியாவுக்குப் போனது எங்கள் வாசலுக்கு வரக்கூடாதா?

இன்னொன்று. பிறஷர் கட்டுப்பாட்டில் இருப்பவர் ஏன் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கே போக வேண்டும்? மந்திகை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை என்று ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன, ஊருக்குள் பிரதேச வைத்தியசாலைகளும் இருக்கின்றன. ஆனால் ஒருமுறை போய், 'மருந்து இல்லை, வெளியில வாங்குங்கோ' என்று கேட்டவர் மறுமுறை அங்கே போகமாட்டார். இலவச வைத்தியம் என்று 1951இல் கட்டணத்தை நீக்கிய நாடு இது. பெரியாஸ்பத்திரி மத்திய அமைச்சின் கீழ், ஆதார வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ். எந்தக் குளிசை எங்கே முடியப்போகிறது என்று இரு பகுதியும் வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேசினாலே எத்தனையோ பஸ் பயணம் மிச்சம்.

இப்போது உங்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். அடுத்த கிளினிக் நாளில் கொப்பியின் பின் அட்டையில் மூன்று நேரம் எழுதி வாருங்கள்: துண்டு எடுத்தது, வைத்தியரைக் கண்டது, மருந்து கையில் கிடைத்தது. எழுத முடியாதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதிக் கொடுங்கள். ஊழியர் யாருடைய பெயரும் வேண்டாம், யாரிலும் குறை சொல்ல இதைக் கேட்கவில்லை. மூன்று மாதம் சேர்த்தபின், வைத்தியசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு நானே கொண்டுபோகிறேன். வாசலில் துண்டு கொடுக்கும் பிள்ளையையும் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடச் சொல்லிக் கேட்பேன்.