தாளின் இடப்பக்கம்

நண்பர்களே,

ஆன்டன் ரேடர்ஷைட் என்ற ஜெர்மானிய ஓவியரை 1967இல் பக்கவாதம் தாக்கியது. பாதிப்பு மூளையின் வலது பாதியில். கொஞ்சம் தேறியதும் அவர் தன் முகத்தையே திரும்பத் திரும்ப வரைந்தார். முதலில் வந்த படங்களில் பாதி முகம்தான் இருக்கிறது. தாளின் இடப்பக்கம் ஏறக்குறைய காலி. மாதங்கள் போகப்போக அந்தப் பக்கம் நிரம்பிக்கொண்டு வருகிறது. எந்த ஸ்கேனும் இவ்வளவு தெளிவாகக் காட்டியிருக்காது என்பேன்.

மூளை அடிபட்டதால் ஒரு பக்கம் கவனத்திலிருந்தே விட்டுப்போகிற இந்த நிலைக்கு ‘ஒருபக்கப் புறக்கணிப்பு’ என்று பெயர். கண்ணில் கோளாறா? இல்லை. பார்வையில் பாதி போனவர்கள் உண்டு, அது வேறு. அவர்கள் தலையைத் திருப்பிச் சமாளித்துக்கொள்வார்கள். புறக்கணிப்பு உள்ளவர்களுக்கோ திரும்பிப் பார்க்கவே தோன்றாது. தட்டில் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். இடப்புறம் என்று ஒன்று இருப்பதே கவனத்தில் ஏறாது.

மூளையின் வலது பாதி நம் இரண்டு பக்கங்களையும் கவனிக்கிறது, இடது பாதி பெரும்பாலும் வலப்பக்கத்தை மட்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அதனால் வலது பாதி அடிபட்டால் இடப்பக்கத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் போகிறது.

1978இல் பிசியாக், லுட்சாத்தி என்ற இரண்டு இத்தாலிய ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். மிலான் நகரின் பேராலயச் சதுக்கத்தை நன்றாக அறிந்த, இதே புறக்கணிப்பு உள்ள நோயாளிகளிடம், “பேராலயத்தைப் பார்த்து நிற்பதாக நினைத்துக்கொண்டு, என்னென்ன கட்டடங்கள் இருக்கின்றன என்று சொல்லுங்கள்” என்றார்கள். வலப்பக்கக் கட்டடங்கள் வந்தன. சரி, இப்போது பேராலய வாசலில் நின்று எதிர்த்திசையில் பாருங்கள் என்றார்கள். முன்பு விட்டுப்போன கட்டடங்கள் எல்லாம் கடகடவென்று வந்தன, முன்பு சொன்னவை காணாமல் போயின! ஆக, நினைவு அழியவில்லை. மனக்கண்ணுக்கும் இடப்பக்கம் எட்டவில்லை. மனத்திலிருந்து வரைகிற கலைஞருக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று யோசியுங்கள்.

திரைப்பட இயக்குநர் ஃபெலினிக்கு 1993 ஆகஸ்டில் இதே மாதிரி வந்தது. இளமையில் கேலிச்சித்திரம் வரைந்தவர் அவர். இடப்பக்கம் தப்பிப்போகிறது என்று அவருக்கு நன்றாகவே தெரியும், நகைச்சுவையும் குறையவில்லை. ஆனாலும் தெரிந்திருந்ததால் மட்டும் தவறு நின்றுவிடவில்லை. “கவனமாகப் பாருங்கள்” என்று நோயாளியைக் கடிந்துகொள்கிற உறவினர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

அப்புறம் படைப்பாற்றல். ஜெர்மானிய ஓவியர் லோவிஸ் கொரின்ட் 1911 டிசம்பரில் பக்கவாதத்தில் விழுந்தார். உடலின் இடப்பக்கம் பலமிழந்தது. பிறகு 1925இல் இறக்கும்வரை வரைந்தார். வால்ஷென்சே ஏரிக் காட்சிகள் அந்தக் காலத்தவைதான். தூரிகை வீச்சு கட்டவிழ்ந்து, உருவங்கள் சரிந்து நிற்கும். நோய்தான் அவரை மேதையாக்கியது என்பார்கள் சிலர். எனக்கு உடன்பாடில்லை. வயது ஏறியிருந்தது, சாவின் வாசல்வரை போய் வந்திருந்தார், சுற்றிலும் ஜெர்மானிய ஓவியமே மாறிக்கொண்டிருந்தது. இதில் எந்தக் கோடு நோயின் கோடு, எந்தக் கோடு அவர் விரும்பிப் போட்டது என்று யார் பிரித்துச் சொல்வது?

பல்கேரிய ஓவியர் ஸ்லாத்யு போயாஜியேவ் கதை நேர்மாறு. 1951இல் அவருக்கு அடிபட்டது இடது மூளை. பேச்சு குலைந்தது, வலக்கை செயலிழந்தது. இடக்கையால் வரையப் பழகினார். முன்பு அமைதியாக இருந்த கிராமக் காட்சிகளில் இப்போது ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தார்கள், வண்ணம் கொந்தளித்தது. ஆனால் படத்தின் எந்தப் பக்கமும் காலியாகவில்லை. மூளையில் கலைக்கென்று தனி அறை ஏதும் இல்லை. ஒரு பகுதி போனால் மிச்சமிருப்பவை வேறு விதமாகக் கூடி வேலை செய்கின்றன. அந்த வேறு விதம் நன்றாகவும் இருக்கலாம், சுமாராகவும் இருக்கலாம்.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் மறுபடி வரைய ஆசைப்பட்டால், பயிற்சியாளர்கள் செய்கிற ஒன்றை நீங்களும் செய்து பாருங்கள். தாளின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகத் தடித்த சிவப்புக் கோடு ஒன்றைப் போடுங்கள். அந்தக் கோடு கண்ணில் படும்வரை தலையை இடப்பக்கம் திருப்பிவிட்டு, அதன் பிறகு பென்சிலை எடுக்கச் சொல்லுங்கள்.